கட்டிலுக்கு அடியில் உள்ள கல்

டொக் என்றது. ஒரு அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தூணைத் தாண்டியதும் அந்தச் சத்தம். சேவுகமூர்த்தி தலையைத் திருப்பவே இல்லை. தூணிலிருந்து மூன்றாவது கல், சுவரிலிருந்து ஐந்தாவது. ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் கல், மேலே பளபளப்புக்குக் குறைவில்லை, அடியில் காலி. போட்ட புண்ணியவான் நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். கலவையை முழுக்கப் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றி, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி, சத்தம் மாறுகிற வரைக்கும் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தால் இந்த டொக் வந்திருக்காது. அது கிடக்கட்டும், ஆஸ்பத்திரிக்காரன் தரை ஆஸ்பத்திரிக்காரன் பாடு. இப்போது கூப்பிட்ட எண் பத்தொன்பது, அவன் கையில் இருப்பது இருபத்தாறு. ஏழு பேர் உள்ளே போய் வருவதற்குள் அவன் வாயில் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். இடது முழங்காலில் ஜவ்வு அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாக வைக்க அவன் உடம்பிலேயே வேறொரு இடத்திலிருந்து நார் எடுக்கப் போகிறார்கள், எங்கேயிருந்து எடுப்பது என்று வீட்டில் யோசித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் போன வாரம் அனுப்பிவைத்தார். வீட்டில் யோசித்தாயிற்று. பஸ்ஸில் யோசித்தாயிற்று. பல் விளக்கும்போது, சோறு பிசையும்போது, முட்டி நழுவாமல் இருக்க மாட்டியிருக்கிற கால் சட்டத்தின் பட்டையைக் கழற்றி மாட்டும்போது எல்லாம் யோசித்தாயிற்று. பக்கத்து நாற்காலியில் மச்சான் ராஜாங்கம், மனைவி செண்பகத்தின் அண்ணன், ஃபைலை மடியில் வைத்துக் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். தாலுகா அலுவலகத்தில் இருபது வருஷமாகக் காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிறவர். எந்தக் கவுண்டரில் யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற வாய். ஆனால் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருக்கிறார், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தோள் கொடுத்தார், போன வாரமும் அப்படித்தான். நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவே.

போன வாரம் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முட்டியை மேசை மேல் வைத்து மடக்கி நிமிர்த்திக் காட்டினார். எலும்பில் துளை போட்டு, அதற்குள் நாரை இழுத்து, திருகு வைத்து இறுக்குவோம் என்றபோது சேவுகமூர்த்திக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, துளை போடுவதும் திருகு இறுக்குவதும் அவனுக்குத் தெரியாததா. முட்டிச் சில்லுக்குக் கீழே பட்டையாக இறங்குகிற நாரில் நடுக்கீற்றை, இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கலாம். அல்லது தொடையின் பின்பக்கம் ஓடுகிற நார்களில் இரண்டை உருவி மடித்து வைக்கலாம். இறந்தவர்கள் தானமாகத் தந்த நாரும் உண்டு, ஆனால் உழைக்கிற காலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன் என்றார். எவனோ ஒருத்தன் செத்த பிறகும் அவன் நார் மட்டும் வேலைக்குப் போகிறதை நினைத்தபோது சேவுகமூர்த்தி வேண்டாமென்று தலையாட்டினான். பிறகு கான்ட்ராக்டர் என்று எழுதியிருந்த ஃபைலைப் பார்த்து, கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கி மேற்பார்வை பார்க்கிற உங்களுக்குச் சில்லுக்குக் கீழே எடுப்பதுதான் கெட்டி, எலும்போடு எலும்பு சேர்ந்துவிடும், தொய்யாது என்று டாக்டர் சொன்னார். ஒரே ஒரு குறை, முட்டி போட்டால் வலிக்கும், சில பேருக்கு அந்த வலி போகவே போகாது. சொல்லிக்கொண்டே பேண்ட்டை மேலே தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு முட்டியிலும் கறுத்துத் தடித்துக் காய்ச்சிப்போன தோல். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, முட்டி போடுகிற வேலையா என்று கேட்டார். மச்சான் முந்திக்கொண்டார்: சொந்தமாக டைல்ஸ் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார், கையில் எட்டு ஆள் வேலை பார்க்கிறது. டாக்டர் விரலை எடுக்கவில்லை. பிறகு ஏன் இப்படி இருக்கிறது என்று சேவுகமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் வாய் தானாகத் திறந்தது. "வேண்டுதல் சார். வேளாங்கண்ணிக்கு முட்டி போட்டே போவேன்." வேளாங்கண்ணியை அவன் கண்ணால் கண்டதில்லை. கூட வேலை பார்த்த பீட்டர் சொல்லித்தான் தெரியும், மாதா கோயில் மணலில் சனம் முட்டி போட்டே நகர்ந்து போகும் என்று. அவன் பாட்டுக்குப் பீட்டரின் மணலை எடுத்துத் தன் முட்டியில் பூசிக்கொண்டான். வருஷத்துக்கு ஒரு தடவைதானே என்றார் டாக்டர். ஆமா சார் என்றான். அப்படியானால் ரெண்டு வருஷம் மாதாவிடம் லீவு கேட்டுக்கொள்ளுங்கள், பிரச்சினை இல்லை என்று சிரித்துவிட்டு அவர் சில்லுக்குக் கீழே என்று எழுதிக்கொண்டார்.

எழுதிக்கொண்டது கூடப் பெரிதில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் செண்பகத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதே, அதற்கு நேர்ந்துகொண்டதா மாப்ள என்று கேட்டார். அவன் தெருப் பக்கம் பார்த்தான். அதையே ஆமென்று எடுத்துக்கொண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரிக்குள் சொந்தத்தில் பாதிப் பேருக்குச் சேதி போய்விட்டது, என் தங்கச்சிக்காக மாப்பிள்ளை முட்டி தேய மண்ணில் போயிருக்கிறார், வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று. செண்பகம் கேட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அவன் எட்டு ஆள் வைத்த கான்ட்ராக்டர் என்பதே பதினாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத் தரகர் கிளப்பிவிட்ட கதை. கொத்தனார் மாப்பிள்ளை ஒருத்தரை ராஜாங்கம் வேண்டாமென்று சொல்லியனுப்பிய மாசம், அதனால் இந்த ஜாதகத்தில் டைல்ஸ் கான்ட்ராக்டர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று தரகர் எழுதிவிட்டார், கல்யாணப் பத்திரிகையிலும் பெயருக்குக் கீழே அப்படியே அச்சாகிவிட்டது. கல்யாணமாகி மூன்றாம் நாள் அவன் முட்டியைப் பார்த்துச் செண்பகம் இது என்ன என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. எங்க அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து மச்சான் வருகிறார் என்றால் முட்டியில் கட்டுகிற ரப்பர் பட்டை கட்டிலுக்கு அடியில் போய்விடும், நகத்துக்குள் இருக்கிற வெள்ளை சிமெண்ட்டைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள், சாயம் போகாத சட்டை ஒன்று எப்போதும் கொடியில் தொங்கும். அவன் கான்ட்ராக்டரும்தான், அதில் பொய் கிடையாது. பேசி வேலையை எடுப்பவன் அவன். எட்டு ஆள் இல்லை, ஒரு ஆள், அந்த ஆளும் அவனேதான்.

டொக். இப்போது மருந்து வண்டி. இருபத்தொன்று என்று நர்ஸ் கூப்பிட்டாள், கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் எழுந்தார், எழுவதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. சேவுகமூர்த்தி மடியில் விழுந்த வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான். போன வாரம் இங்கே மாட்டிவிட்ட கால் சட்டத்தின் மேல் பேண்ட் ஏறவில்லை, அதனால் வேட்டி. காலையில் செண்பகம் பீரோவின் அடித்தட்டிலிருந்து இதை எடுத்து மடிப்புக் கலையாமல் கட்டில் மேல் வைத்தாள். அரக்குக் கரை. வேறு இல்லையா என்றான். எல்லாம் நனைந்து கிடக்கிறது, இதைக் கட்டிக்கொண்டு போங்கள் என்றாள். நனைந்து கிடக்கவில்லை, கொடியில் இரண்டு காய்ந்துகொண்டிருந்ததை அவன் பார்த்தான், ஆனாலும் கட்டிக்கொண்டான். இது மச்சான் கொடுத்த வேட்டி. ஏழு வருஷத்துக்கு முன்னால் மச்சான் வீடு கட்டினார், டைல்ஸ் வேலை மாப்பிள்ளையுடையதுதான் என்று சொல்லிவிட்டார். சேவுகமூர்த்தி தினமும் அவர் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முட்டி போட்டு வேலை செய்வான். அவர் திரும்புகிற நேரத்துக்கு முன்னால் குளித்துச் சட்டை மாற்றி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஆட்கள் இப்போதுதான் போனார்கள் மச்சான் என்பான். ஹால் மட்டும் ஒன்பது நாள். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் கோடு ஓடுகிறது தெரியாமல் போட்ட தரை. அவர் ஒரு கோலிக்குண்டை நடுவில் வைத்துப் பார்த்தார், அது வைத்த இடத்திலேயே இருந்தது. இதைப் போட்ட ஆள் யாரு மாப்ள, அவன் கையைக் காட்டுங்க என்று கேட்டபோது, காசி என்று ஒருத்தன், கூச்சக்காரன் என்று சொல்லிவைத்தான். கிரகப்பிரவேசத்தன்று வழக்கப்படி கொத்தனாரைக் கூப்பிட்டுத் தட்டில் வேட்டி துண்டு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள், ஆசாரியைக் கூப்பிட்டார்கள், பெயிண்டரைக் கூப்பிட்டார்கள், டைல்ஸ் போட்டவன் எங்கே என்றார்கள். காசி வரவில்லை. பிறக்காதவன் எப்படி வருவான். மச்சான் தட்டைச் சேவுகமூர்த்தியிடமே நீட்டினார், உங்க ஆளிடம் என் கையால் கொடுத்த மாதிரி கொடுத்துவிடுங்கள் என்று. எல்லாருக்கும் முன்னால் அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தன் கூலிக்காரனுக்காக வாங்கிக்கொண்ட முதலாளி. அன்றைக்கு மாதிரி அவன் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. ஏழு வருஷம் அந்த வேட்டி பீரோவில் அந்துருண்டையோடு கிடந்தது. காலையில் வாசல் வரைக்கும் வந்த செண்பகம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மாதா மன்னிச்சிரும். முட்டி மன்னிக்காதுங்க."

பீட்டர் மட்டும் முந்தாநாள் அந்த விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை குழப்பம் இல்லை. அவனுக்கும் இதே ஆபரேஷன், ரெண்டு வருஷம் ஆகிறது, சில்லுக்குக் கீழேதான் எடுத்தார்கள். சேவுகமூர்த்தி போன் பண்ணி விசாரித்தான். ஓடுவேன், பந்து விளையாடுவேன், கால் கம்பி மாதிரி நிற்கிறது, ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன் என்றான் பீட்டர். கோயிலில் முட்டி போட முடியவில்லை, ஆணி மேல் போடுகிற மாதிரி இருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்துதான் செபம் பண்ணுகிறேன் என்றான். வேலை? வேலையை விட்டுவிட்டேன் சேவுகா, இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு ஆட்டோ இருக்கிறது, மைத்துனன் வாங்கிக் கொடுத்தான். சேவுகமூர்த்திக்கு என்ன தெரியும். எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லாததற்குக் கணக்கு வாத்தியார் தாழ்வாரத்தில் முட்டி போட வைத்தார், சரளைக்கல் உறுத்தும், ஒரு மணி நேரத்தில் எடையை இந்த முட்டியிலிருந்து அந்த முட்டிக்கு மாற்றி மாற்றிச் சமாளிக்கக் கற்றுக்கொண்டான், அவனுக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததில் சோறு போட்டது அந்த ஒன்றுதான். அப்படியானால் பின்தொடையில் எடுக்கச் சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம், ஆனால் டாக்டர் அதற்கும் ஒரு குறை சொன்னாரே, குந்தி உட்காரும்போது, குதிகாலைப் பின்னால் இழுக்கும்போது பலம் கொஞ்சம் குறையும், கெட்டிப்பட நாளாகும் என்று. டைல்ஸ் போடுகிறவன் முட்டி மட்டுமா போடுகிறான். கல்லை வைத்ததும் குந்தியபடியே பின்னால் நகர வேண்டும், போட்ட கல்லின் மேல் ஏறக் கூடாது, நாள் முழுக்கப் பின்னாலேயே நகர்கிற பிழைப்பு. நகர்கிறபோது பின்தொடைதான் இழுக்கிறது, அவனுக்குத் தெரியும், புது ஆள் முதல் வாரம் அங்கேதான் பிடித்துக்கொண்டு கத்துவான். ஆக, முன்னால் எடுத்தால் முட்டி போட முடியாது, பின்னால் எடுத்தால் பின்வாங்க முடியாது. எடுக்காமலே விட்டால்? விட்டுப் பார்த்தான். இரண்டு மாசம். டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியபோதுதான் ஜவ்வு அறுந்தது, குழாய்த் துண்டு ஒன்றின் மேல் கால் வைத்தான், உள்ளே கல் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு முட்டி சொன்னபடி கேட்பதில்லை, திரும்பினால் நழுவுகிறது, ஒரு தடவை கட்டிங் மிஷின் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நழுவியது. அன்றைக்கு விரல் போகாதது அவன் நல்ல நேரம். முதுகெலும்பில் ஊசி போடுவார்களாம். இடுப்புக்குக் கீழே நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமாம், விழித்துக்கொண்டே கிடக்க வேண்டுமாம். துளை போடுகிற சத்தம் கேட்குமா என்று யாரிடம் கேட்பது. பயமாகத்தான் இருக்கிறது, நாற்பத்தொரு வயசில் பயமில்லை என்று யாருக்காகச் சொல்ல வேண்டும்.

இருபத்துமூன்று. டொக். மறுபடியும் அதே கல், அதைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் போலக் கை துறுதுறுத்தது. பிரித்தால் உடையும். உடைந்தால் இந்த நிறத்தில் இப்போது கல் கிடைக்காது, கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு நிறம் மாற்றுகிறான். அப்போது என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும், எத்தனை வீட்டில் செய்திருக்கிறான். வீட்டுக்காரரைக் கேட்பான், கட்டில் எங்கே கிடக்கிறது, பீரோ எங்கே, எந்த இடத்தில் நடக்கவே மாட்டீர்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நல்ல கல்லை நோகாமல் பெயர்த்தெடுத்து நடுஹாலில் போட்டுவிடுவான், கட்டிலுக்கு அடியில் ஏதோ ஒரு நிறம் இருந்துவிட்டுப் போகட்டும். அதில் ஒரே ஒரு நிபந்தனை, வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டம்மா, பூஜை அறை மூலையில் எடுங்கள், அங்கே யாரும் போவதில்லை என்று சொல்லிவிட்டார், மாமியாரின் கட்டிலை நகர்த்தச் சொல்லப் பயந்துகொண்டு, மாமியார் தினமும் அங்கே உட்கார்ந்து பஜனை பாடுகிற ஆள், மூன்றே மாசத்தில் அந்த இடம் பெயர்ந்து மானம் போனது. சேவுகமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் உடம்பில் கட்டிலுக்கு அடியில் இருக்கிற இடம் எது என்று ஒரு வாரமாகத் தானே தேடிக்கொண்டிருக்கிறான், அது அவனுடைய வேலையே இல்லை. பெயர்க்கப் போகிறவர் டாக்டர், அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்காரன் செய்ய வேண்டியது எங்கெங்கே நடக்கிறோம் என்று சொல்வது மட்டும். அதைத்தான் அவன் சொல்லவில்லை. வேளாங்கண்ணி என்று சொல்லிவிட்டு வந்தான். இவ்வளவு எளிதான விஷயம் ஏழு நாள் கழித்து இப்போதுதான் தட்டுப்பட்டது, தன்னையே திட்டிக்கொள்ளத் தோன்றியது. சரி, சொல்ல வேண்டியதுதான். உள்ளே போனதும் சொல்வது. உள்ளே போனதும் மச்சானும் கூட வருவார். மச்சானை டீ வாங்கிவர அனுப்பிவிட்டால்? ஒரு டீ சொல்லுங்கள் மச்சான் என்றால் ஓடுவார். அந்தக் கேப்பில் டாக்டரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டு வெளியே வந்து நார் எடுக்கிற இடத்தை மாற்றிவிட்டார் என்றால் முடிந்தது, காசிக்கும் ஆயுசு நீளும், மாதாவுக்கும் பேர் கெடாது. நல்ல யோசனைதான், இந்த வாரம் வந்ததிலேயே இதுதான் நல்ல யோசனை.

அந்த நல்ல யோசனைக்கு மேலிருந்தே ஒத்தாசை கிடைத்தது. இருபத்தைந்து உள்ளே இருக்கும்போது மச்சானுக்கு ஆபீசிலிருந்து போன், சிக்னல் கிடைக்கவில்லை, இதோ வந்துவிடுகிறேன் மாப்ள என்று ஃபைலை அவன் மடியில் வைத்துவிட்டு வாசல் பக்கம் போனார். அவர் வளைவில் திரும்பியதும் இருபத்தைந்து வெளியே வந்தது, இருபத்தாறு என்று நர்ஸ் கூப்பிட்டாள். சேவுகமூர்த்தி எழுந்துவிட்டான். எழுந்து, இரண்டு எட்டு வைத்து, தூணைத் தாண்டும்போது அந்த மூன்றாவது கல்லின் மேலேயே கால் வைத்தான். டொக். டாக்டரிடம் மட்டும் சொல்வது இந்த வேலைதான், நடுவில் ஒரு உருண்டை வைத்து அமுக்குகிற வேலை. ஆபரேஷனன்று வாசலில் நிற்கப் போகிறவர் மச்சான். பிறகு முட்டியை மடக்கச் சொல்லிக்கொடுக்கிற பெண் வந்து தரையில் உட்காருகிற வேலையா என்று கேட்பாள், மச்சான் முந்திக்கொள்வார். ஆறு மாசம் வீட்டில் கிடக்கும்போது ஆள் வைத்து வேலை நடக்கிறதா மாப்ள என்று விசாரிப்பார், அப்போது இன்னும் ஏழு காசியைப் பெற்றெடுக்க வேண்டும். அதெல்லாம் முடிந்து மறுபடி முட்டி போடப் பழகுகிற அன்றைக்கு, அந்தச் சின்ன சந்தோஷத்துக்குக் கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நகத்தைத் தேய்த்துக்கொண்டு, கொடியில் சட்டை தொங்கவிட்டுக்கொண்டு. முடியாது. பதினாலு வருஷம் முட்டி வலித்ததை விட அந்தச் சட்டையை மாற்றி மாற்றி அலுத்துப்போனது. அவன் நர்ஸைப் பார்த்து, அடுத்தவரை அனுப்புங்கம்மா, என் கூட ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது என்றான். வரிசை போய்விடும் என்று நர்ஸ் எச்சரித்தாள். போகட்டும் என்று சொல்லிவிட்டு அந்தக் கல்லின் மேலேயே நின்றான். மச்சான் திரும்பி வந்து, ஏன் மாப்ள உள்ளே போகலையா என்று பதறினார். "நீங்க வராம எப்படி மச்சான்" என்றான். இருபத்தேழும் இருபத்தெட்டும் உள்ளே போய் வரும்வரை இருவரும் நின்றார்கள்.

டாக்டர் ஃபைலைப் பிரித்து, யோசித்துவிட்டீர்களா, சில்லுக்குக் கீழேதானே என்று கேட்டார். மச்சான் வாயைத் திறந்தார். சேவுகமூர்த்தி அவர் மணிக்கட்டில் கை வைத்தான், இதுவரை அப்படிச் செய்ததில்லை. பிறகு குனிந்து வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினான், வலது முட்டியின் கறுப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. "சார், இது வேளாங்கண்ணியில வந்தது இல்ல. நான் அங்க போனதே இல்ல. நான் டைல்ஸ் போடுறவன். எனக்குக் கீழ ஆள் யாரும் கிடையாது. காலைல எட்டு மணிக்கு முட்டி போட்டா சாயங்காலம்தான் எந்திரிப்பேன்." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எவ்வளவு நேரம் முட்டி, எவ்வளவு நேரம் குந்தல், பின்னால் நகர்வது எப்படி, எல்லாம் கேட்டார். அவனும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை மடக்கி, நகர்கிற மாதிரியே காட்டினான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கேட்டான், "நான் அதிகம் புழங்காத எடம் எதுன்னு நீங்கதான் சார் பாத்து எடுக்கணும்." டாக்டர் அவன் முட்டிச் சில்லுக்கு மேலே, தொடை வந்து இறங்குகிற இடத்தில் விரல் வைத்தார். இங்கேயும் ஒரு நார் இருக்கிறது, எல்லாருக்கும் எடுப்பதில்லை, அதனால் அன்றைக்குச் சொல்லவில்லை, முட்டி போட்டால் தரையில் படுகிற இடம் இது இல்லை என்றார். சும்மா வராது, முன்தொடை மெலிந்துபோகும், பழைய பலம் வர ஒரு வருஷம் பயிற்சி செய்ய வேண்டும், ஆறு மாசத்துக்குப் பிறகுதான் பஞ்சு வைத்து முட்டி போடப் பழகலாம். "வலியே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சே உங்க பொழப்புல கத்தி வைக்க மாட்டேன்." அங்கேயே எடுங்கள் சார் என்றான் சேவுகமூர்த்தி. டாக்டர் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மச்சான் ஃபைலை வாங்கி மூடிக்கொண்டு எழுந்தார்.

கவுண்டரில் சேர்க்கைப் படிவத்தை மறுபடி எழுத வேண்டும் என்றார்கள். தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஈரம் காயவில்லை. பேர் கேட்டார்கள், வயசு கேட்டார்கள், மச்சான் சொன்னார். என்ன வேலை என்று கேட்டபோது பழக்கத்தில் அவர் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது, அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "டைல்ஸ் போடுறேன்மா" என்றான் சேவுகமூர்த்தி. அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள், இதில் ஆச்சரியப்பட அவளுக்கு ஒன்றுமில்லை. வராண்டாவில் மச்சான் முன்னால் நடந்தார். இனிமேல் வீட்டுக்கு வரமாட்டாரோ, செண்பகத்திடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தான், இருந்தாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. வாசல்படிக்குப் பக்கத்தில் மச்சான் நின்றார். "எங்க வீட்டு ஹால்?" என்று கேட்டார், முகத்தைப் பார்க்காமல். நான்தான் மச்சான் என்றான். "காசின்னு ஒருத்தன்..." காசி யாரும் இல்லை என்றான். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், அவர் கண் கீழே இறங்கி அந்த அரக்குக் கரையில் போய் நின்றது. கடையில் அவரே பார்த்துப் பார்த்து எடுத்த கரை, மறந்திருக்க மாட்டார். ஏழு வருஷமா கட்டவே இல்லையா என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றான் சேவுகமூர்த்தி. தூரத்தில் ஏதோ வண்டி போனது, டொக் என்று கேட்டது, மச்சானும் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஈரத்தரையில் குனிந்து, சேவுகமூர்த்தியின் காலுக்குப் பக்கத்தில் கிடந்த வேட்டி நுனியை இரண்டு கையாலும் தூக்கி அவனிடம் கொடுத்தார். "கரை நனையுது பாருங்க மாப்ள. தூக்கிக் கட்டுங்க."